மாறிலிகள் மாறுமோ?

புகை கண்டவிடத்து நெருப்புண்டென்று துணிதல் அனுமானம். அத்துணிபு, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் வியாத்தியைப் பற்றி நிற்பது. அவ்வியாத்தியோ, சில இடங்களிற் சில காலத்தே பெற்ற காட்சியை எல்லா இடத்திற்கும் எல்லாக் காலத்திற்கும் நீட்டிக்கொண்டதாம். அங்ஙனம் நீட்டுதற்கு உரிமை யாதென வினாவியே உலகாயதர் அனுமானத்தை மறுத்தனர். அவர் முடிபு கொள்ளற்பாலதன்றாயினும், வினா எளிதில் ஒதுக்கற்பாலதன்று.

பௌதிக நூலுள்ளும் அவ்வினா எழுந்தது. 1937ஆம் ஆண்டில் பால் டிராக் என்னும் ஆங்கில அறிஞர், ஈர்ப்பின் வலியைக் குறிக்கும் எண் உலகம் முதிர முதிரக் குறைந்து வருதல் கூடும் என்றார். மாறிலி என்பது மாறாமையாற் பெற்ற பெயரோ, மாறக் காணாமையாற் பெற்ற பெயரோ என்பது அதனால் ஆராயற்பாலதாயிற்று.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. அளக்கப்படும் பொருளோடு கோலும் உடன் நீளுமாயின் மாற்றம் ஒருகாலும் தோன்றாது. 1983ஆம் ஆண்டு முதல் மீட்டர் என்னும் அளவு ஒளியின் வேகத்தைக் கொண்டே வரையறுக்கப்பட்டிருத்தலின், அவ்வேகம் மாறிற்றா என மீட்டராற் காணப் புகுதல் தன் தோண்மேல் தானே ஏறுதலோடொக்கும். ஆகலின் அலகு வேண்டாத எண்களையே அறிஞர் நாடினர். புரோட்டானின் நிறை எலெக்ட்ரானின் நிறையைப்போல் 1836 மடங்கிற்குச் சிறிது மிக்கது; இவ்வெண் எக்கோலால் அளப்பினும் ஒன்றே.

இதனைப் பண்டைக்காலத்து நிலையிற் காண்டல் யாங்ஙனம் எனின், தொலைவே அதற்கு வாயில். தனுசு இராசியின் திசையிலுள்ள பி.கே.எஸ். 1830-211 என்னும் குவேசாரின் வானொலி அலைகள், இடையேயுள்ள ஒரு பெரிய விண்மீன் தொகுதியின் வாயு முகிலூடு வருகின்றன. அம்முகிலிலுள்ள மெதனால் என்னும் மரச்சாராயத்தின் மூலக்கூறுகள் தமக்குரிய அலைகளைக் கவர்ந்துகொள்ளும். அவை கவர்ந்தது ஏறக்குறைய 700 கோடி ஆண்டுகட்கு முன். இப்புவி தோன்றியதே 450 கோடி ஆண்டளவிற்கு முன்னர்த்தான்!

மெதனால் மூலக்கூறின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைச் சார்ந்து தடையோடு சுழல்வது. அத்தடையைக் கடத்தல் மேற்கூறிய நிறை விகிதத்தைப் பெரிதும் பற்றியது. விகிதம் சிறிது திரியினும் சில அலைகள் மிகப் பிறழும். சில சிறிதே பிறழும். உலகம் விரிதலால் உண்டாகும் நீட்சியோ எல்லா அலைகட்கும் ஒரே வீதத்தது. எனவே அலைகள் தம்முள் ஒத்து நிற்பின் விகிதம் மாறிற்றிலது, முரணின் மாறிற்று. ஒரு வழக்கிற் சான்றினரைத் தனித்தனியே வினாவி ஒப்பிடுதல் போல்வது இது.

ஜெர்மனியிற் பான் நகரையடுத்த எஃபெல்ஸ்பெர்க்கிலுள்ள 100 மீட்டர் விட்டமுடைய வானொலித் தொலைநோக்கியால் இவற்றை அளந்து, 2013இல் முடிபு வெளியிட்டனர். ஒரு கோடியில் ஒரு பங்களவிற்கு மேற்பட்ட மாற்றம் காணப்பட்டிலது.

அற்றேல், காணப்படாமையின் மாற்றமே இல்லை எனலாமோ எனின், ஆகாது. காண்டற்குரியது காணப்படாதவழியன்றோ அதன் இன்மை துணியப்படும்? கோடியில் ஒரு பங்கினும் நுண்ணிய மாற்றம் அக்கருவிக்குக் காண்டற்குரியதன்று. மேலும், ஒப்பிட்ட அலைகள் யாவும் முகிலின் ஓரிடத்தே கவரப்பட்டனவோ, வேறு வேறு விரைவிற் செல்லும் இடங்களிற் கவரப்பட்டனவோ என்னும் ஐயமும் உளது. பின்னைய அளவீடுகளில் ஆராய்ச்சியாளரே இதனை எடுத்துரைத்தனர். அவ்வையம் அறுதற்கு, ஓரிடத்தனவே எனத் துணியத்தக்க அலைகளை மட்டுந் தெரிந்து ஒப்பிடுதல் வேண்டும்.