செட்டில்ட்

பைக் லோன் கேட்டுப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்: "முன்னாடி ஒரு கார்டை செட்டில் பண்ணிருக்கீங்களா சார்?"

ஆமாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கிரெடிட் கார்டில் 78,000 ரூபாய் ஏறிவிட்டது. நான்கு மாதம் கட்டவில்லை. பிறகு வங்கியிலிருந்தே போன் வந்தது. மொத்தமாக 42,000 கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கட்டினேன். மீதியை மன்னித்துவிட்டார்கள் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரிதான் சிபில் அறிக்கையை முதன்முதலாக எடுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை அது இலவசம் என்பதே அதுவரை தெரியாது. முழுசாகக் கட்டிய கடனுக்கு 'குளோஸ்டு'. பேசி முடித்த கடனுக்கு 'செட்டில்ட்'. இரண்டுக்கும் தமிழில் நாம் 'முடிஞ்சுது' என்றுதான் சொல்வோம். கடன் கொடுப்பவர்களுக்கு இரண்டாவது முடிவே இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி இந்தத் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

மன்னித்துவிட்டு மறக்காமல் இருந்தால் அது மன்னிப்பா?

அதே மாதங்களில் தெருமுனை மளிகைக்கடையிலும் 3,400 ரூபாய் பாக்கி. "மொதல்ல அப்பாவைப் பாருங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. அவர் நோட்டுக்குக் காரணம் தெரியும். சிபில் அறிக்கையின் கட்டங்களில் எத்தனை நாள் தாமதம் என்ற எண் மட்டும்தான். ஏன் என்று எழுத அதில் கட்டமில்லை.

இங்கேயே நிறுத்தி அண்ணாச்சியைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. காலனியிலிருந்து வரும் அக்காவுக்கு அந்த நோட்டு ஒருநாளும் திறந்ததில்லை. காசை வைத்தால்தான் சாமான். நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றும் கேட்டதில்லை. 300க்கும் 900க்கும் இடையிலான அந்த எண்ணுக்கு என் அப்பாவைத் தெரியாது என்பது என் வருத்தம். அதற்கு அக்காவின் தெருவும் தெரியாது. நம்மை அறிந்தவரின் இரக்கமும் ஓரவஞ்சனையும் ஒரே நோட்டிலிருந்துதான் வருகின்றன. ஆனால் அந்த எண்ணும் அக்காவுக்கு உதவாது. இதுவரை யாரும் கடனே கொடுக்காததால் அவளுக்கு ஸ்கோர் என்று ஒன்றே இல்லை. கடன் கிடைக்க, ஏற்கெனவே கடன் கிடைத்திருக்க வேண்டும்.

விட்டுப்போன 36,000ஐக் கட்டினால் 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவார்களாம். பழைய தாமதம் அப்படியேதான் இருக்கும். கட்டப்போகிறேன். ஆனால் அதை நாணயம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு பைக் வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சியின் 3,400ஐ அடுத்த சம்பளத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அது எந்த அறிக்கையிலும் இல்லை.