திரும்பி வந்த நால்வர்

நம்முடைய கதைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திரும்பி வராதவனையே அவை தேடிக்கொண்டு போகும். போனவன் ஊர் திரும்பினான், குளித்தான், சாப்பிட்டான், மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் நடக்கக் கிளம்பினான் என்று எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியர் அதைக் கதை என்று ஒப்புக்கொள்வார்?

1938 செப்டம்பரில் ஐந்து இந்திய டாக்டர்கள் பம்பாயில் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார்கள். ஜப்பானியரின் படையெடுப்பில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யக் காங்கிரஸ் மகாசபை அனுப்பிய குழு அது. அடல், சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ் என்று ஐந்து பேர். இவர்களில் ஷோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே தங்கினார். ஓர் ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். சீனப் பெண் ஒருத்தியை மணந்தார். 1942 டிசம்பரில் வலிப்பு நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவருக்கு வயது 32. அவரைப் பற்றி கே. ஏ. அப்பாஸ் எழுதிய புத்தகத்தின் பெயருக்கே, ‘ஒருவர் திரும்பி வரவில்லை’ என்றுதான் பொருள். 1946-இல் சாந்தாராம் அதைப் படமாகவும் எடுத்தார்.

கோட்னிஸைக் கைகூப்பி வணங்க வேண்டியதுதான். ஆனால் திரும்பி வந்த நால்வரை யார் நினைக்கிறார்கள்? வீடு வந்த முதல் வாரம் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டார் பரிவோடு தட்டில் பரிமாறும்போது, யுத்தகளத்தில் பார்த்த முகம் ஒன்று எதிரே வந்து நின்றிருக்காதா? மெத்தையில் படுத்த உடம்பு, ‘உனக்கு இது அடுக்குமா?’ என்று கேட்டிருக்காதா?

அது லேசான கேள்வி அல்ல. துன்பத்தைக் கண்ணால் கண்டு திரும்பியவனுக்கு, வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கும் உரிமை உண்டா? தன் உடம்பைப் பேணிக்கொள்வது, விட்டுவிட்டு வந்தவர்களுக்குச் செய்யும் துரோகமா?

எங்கள் தெருவில் ஒரு பையன். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தில் பூகம்பம் வந்ததே, ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேரைப் பலி கொண்டதே, அதன்பின் தொண்டு செய்யப் புறப்பட்டுப் போனான். மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்றான சிந்துபால்சோக்கில், மழைக்காலம் முழுவதும் தகரக் கொட்டகைகள் போட்டுக்கொடுத்தான். நாலு மாதம் கழித்து வந்தவன் பழைய பையனாக இல்லை. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவன், பத்து மணி வரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் உலாத்தினான். அம்மா நெய்க் கிண்ணத்தை எடுத்தாலே, “வேண்டாம்மா, அங்கே அவர்களுக்கு என்ன இருக்கிறது?” என்று எழுந்துவிடுவான். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நேபாளத்துக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் பதினைந்தே நிமிஷம்தான் வித்தியாசம். கைக்கடிகாரத்தை அவன் எல்லையிலேயே திருப்பி வைத்திருப்பான். மனசு திரும்பி வர ஐந்தாறு மாதம் பிடித்தது.

இடையில் அவனுக்கு வயிறும் சரியாக இல்லை. இளைத்துக்கொண்டே வந்தான். ‘சாப்பாடே பிடிக்கவில்லை, உலகத்தைப் பார்த்துவிட்ட பிறகு எப்படிப் பிடிக்கும்?’ என்பது அவன் சித்தாந்தம். கடைசியில் அவன் அப்பா வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப்போனார். எந்த ஊரில் இருந்தான், என்ன தண்ணீர் குடித்தான் என்று விசாரித்துப் பரிசோதித்ததில், ஜியார்டியா என்ற கிருமி குடலில் குடியிருப்பது தெரிந்தது. மருந்து உள்ளே போனதும் அந்த வைராக்கியத்தில் பாதி வெளியே போயிற்று! சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உடம்பின் நோயை ஆத்மாவின் துயரம் என்று எண்ணிக் கும்பிட்டுக்கொண்டிருப்பது மனிதர்களுக்கு எளிதாக நேர்ந்துவிடுகிறது. தூரதேசம் போய்வந்தவர்கள் முதலில் ஒரு நல்ல வைத்தியரைப் பார்ப்பது நல்லது. தத்துவம் அப்புறம் ஆகட்டும்.

மிச்சமிருந்த பாதிதான் உண்மையான துயரம். அதற்கு மாத்திரை கிடையாது. ஒரு நாள் அவன் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது தன்னை அறியாமல் ஒன்று சொன்னான். “சார், வீடு விழுந்து ஒரு சாமானும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பாட்டி விடிந்ததும் தகரக் கொட்டகை வாசலைச் செம்மண்ணால் மெழுகிவிடுவாள். முதலில் டீ, அப்புறம் பருப்பும் சோறும். ஒரு நாள்கூட நேரம் தவறினது இல்லை.”

அவன் தேடிய பதிலை அந்தப் பாட்டி அங்கேயே கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் இடிபாட்டுக்குள்ளிருந்து முதலில் எடுத்துக்கொள்வது அன்றாட ஒழுங்கைத்தான். வாசலை மெழுகுவதும், வேளைக்கு உலை வைப்பதும் அவர்களுக்குச் சுகபோகம் அல்ல. வாழ்க்கையைக் கைவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளும் முறை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு இவன் தன் வீட்டில் உலையைப் புறக்கணித்தால், அது அவளுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

வேறொரு வழியில் போனவர்களும் உண்டு. பிரெஞ்சு தத்துவ அறிஞர் சிமோன் வெய், 1943-இல் இங்கிலாந்தில் காச நோயோடு படுத்திருந்தபோது, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்ஸில் ஜனங்களுக்கு எவ்வளவு உணவு கிடைக்கும் என்று நம்பினாரோ, அதற்கு மேல் சாப்பிட மறுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில், 34-ஆவது வயதில் இறந்துபோனார். அந்த உள்ளத்தின் முன்னால் தலை குனியாமல் இருக்க முடியாது. என்றாலும், அவர் ஒதுக்கிய தட்டிலிருந்து ஒரு பருக்கைகூடப் பிரான்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. துன்பம் என்பது கணக்கு நோட்டு அல்ல. இங்கே ஒருவன் பற்று எழுதினால் அங்கே ஒருவனுக்கு வரவு வைக்க முடியாது.

‘வசதியுள்ளவன் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நற்சாட்சிப் பத்திரம் அல்லவா இது?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஆயுள் முழுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! காலை நடை, முளைகட்டிய பயறு, மத்தியானத் தூக்கம், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சித்திரம் மட்டும் தொடங்கவே தொடங்காது.

இரண்டுக்கும் வித்தியாசம் காண ஒரு பரீட்சை உண்டு. செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பும்போது, அடுத்த வீட்டுக் கிழவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆள் ஓடி வருகிறது. செருப்போடு அங்கே ஓடுகிறவனுக்கு அந்த நடைப் பழக்கம் ஒரு கருவி. மணியைப் பார்த்து முகம் சுளிக்கிறவனுக்கு அது ஒரு விக்கிரகம். தொண்டுக்குப் போய்த் திரும்பியவன் பழைய ஒழுங்குக்கே திரும்பட்டும். ஆனால் அந்த ஒழுங்கு இனி ஒரு தட்டலுக்குக் கதவு திறக்க வேண்டும். போய்வந்ததன் அடையாளமாக அந்த ஒரு மாறுதல் போதும். ஒட்டிய கன்னம் தேவையில்லை.

எங்கள் தெருப் பையன் முதலில் தூக்கத்தை ஒழுங்கு செய்துகொண்டான், அப்புறம் வேளைக்குச் சாப்பாடு, கடைசியில் ஓட்டம். மாதம் பிறந்தால் அந்த மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் போகிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால் இன்னமும் விழித்துக்கொள்கிறானாம். விழித்துக்கொள்ளட்டும், அது மறையவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நால்வரில் கடைசியாகத் திரும்பியவர் டாக்டர் பாசு. பிற்பாடு அவர் மீண்டும் சீனாவுக்குப் போய் அக்குபங்சர் வைத்தியத்தைக் கற்றுவந்தார்; கல்கத்தாவில் எத்தனையோ நோயாளிகளுக்கு அதைச் செய்தார்; மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். திரும்பி வந்து, உண்டு, உறங்கி, உடம்பை வைத்துக்கொண்டிருந்ததனால் செய்ய முடிந்த காரியம் அது. அதை யாரும் சினிமா எடுக்கவில்லை.