எழுத்து மாலையும் இரண்டு நீதிபதிகளும்

கொல்கத்தாவின் குமார்டுலியில் தீபாவளியை ஒட்டி உருவாகும் காளி சிலைகளின் கழுத்தில் களிமண் தலைகளைக் கோத்த மாலை தொங்கும். பார்ப்பவருக்கு அது வெட்டுண்ட தலைகளின் மாலை. சாக்த நூல் கற்றவருக்கோ எழுத்து மாலை. சம்ஸ்கிருத நெடுங்கணக்கின் 50 எழுத்துகளே அந்தத் தலைகள். ஊழிக்காலத்தில் சொல்லும் பொருளும் ஒடுங்கும்போது அவற்றை அவள் தன்னிடமே வாங்கிக்கொள்கிறாள் என்பது விளக்கம்.

அப்படியானால், எழுத்துக்கென்று தனியே ஒரு பொருள் உண்டா? அல்லது நாம் ஏற்றிய பொருளைச் சுமக்கும் வெறும் குறிதானா?

இந்தக் கேள்வியில் ஆழ்ந்து இறங்கியவர்களில் ஒருவர், ஆச்சரியமாக, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி. சர் ஜான் உட்ராஃப் 1904-இல் அந்தப் பதவிக்கு வந்தவர். பகலில் வழக்கு, மற்ற நேரத்தில் தந்திர சாத்திரம். அடல் பிஹாரி கோஷின் துணையோடு ‘ஆர்தர் அவலான்’ என்ற புனைபெயரில் தந்திர நூல்களை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1922-இல் வெளிவந்த அவருடைய மந்திர சாத்திர நூலின் பெயரே ‘எழுத்து மாலை’ என்று பொருள்படுவதுதான்.

அதில் அவர் எடுத்துப் பேசும் மூன்று பீஜ (வித்து) மந்திரங்கள் சுவையானவை. க்ரீம், ஹ்ரீம், ஸ்ரீம். ஒரே அளவு, முதல் மெய்யைத் தவிர எல்லாம் ஒன்றே. க்ரீம் காளிக்கு, ஹ்ரீம் புவனேசுவரிக்கு, ஸ்ரீம் லட்சுமிக்கு. மூன்றிலும் ‘ர’வும் ‘ஈ’யும் இருக்கின்றனவே, அவை மூன்றிலும் ஒரே பொருளைத்தானே தர வேண்டும்? தருவதில்லை. வரதா தந்திரம் பிரித்துக் காட்டும் கணக்கில், க்ரீமில் உள்ள ‘ர’ பிரம்மம், ஹ்ரீமில் பிரகிருதி, ஸ்ரீமில் செல்வம். ‘ஈ’ முதல் இரண்டில் மகாமாயை, மூன்றாவதில் மனநிறைவு. எழுத்துக்குத் தெய்வ சக்தி உண்டு என்று சொல்லும் மரபே, அந்த எழுத்து எந்த மந்திரத்தில், எந்தத் தெய்வத்துக்காக நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் சொல்கிறது.

தமிழ்ச் சைவத்தின் ஐந்தெழுத்து வேறு வழியில் போகிறது. ந என்றால் திரோதம் (மறைப்பு), ம மலம், சி சிவம், வா அருள், ய உயிர் என்று பொருள்கள் நிலையாகவே நிற்கின்றன. ஆனால் வரிசை மாறினால் நிலை மாறும். நமசிவாய தூலம்; சிவாயநம சூக்குமம். முன்னதில் திரோதமும் மலமும் முந்துகின்றன, பின்னதில் சிவமும் அருளும். எழுத்துகள் அவையே, முன்பின்னாக நிற்பதில்தான் பந்தமும் வீடும்.

கொல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக்கரையில் உள்ள நவத்வீபத்தில் எழுத்துக்குத் தனிப்பொருள் உண்டா என்ற இந்த வழக்கின் இரு தரப்பும் குடியிருந்தன. காளி வழிபாட்டு முறைகளைத் ‘தந்திரசாரம்’ என்று தொகுத்த கிருஷ்ணானந்த ஆகமவாகீசர் அந்த ஊர்க்காரர். நவ்ய நியாயத் தருக்கவாதிகளின் கோட்டையும் அதே ஊர்தான். சொல்லுக்கும் பொருளுக்குமான உறவு யாரும் உண்டாக்காதது, என்றும் உள்ளது என்பது மீமாம்சகர் கட்சி. நியாயத்தாரோ அது ஏற்படுத்தப்பட்ட வழக்கு என்பார்கள். பழைய நியாய சூத்திரத்தின் வாதம் சிரிப்பை வரவழைக்கும்: உறவு இயற்கையானது என்றால் சோறு என்றதும் வாய் நிறைய வேண்டும், தீ என்றதும் நாக்கு சுட வேண்டும், வாள் என்றதும் உதடு அறுபட வேண்டும்.

இன்றைய மொழியியலிலும் இதன் எதிரொலி உண்டு. ஜி, எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம். க்ளீம், க்ளின்ட், க்ளேர் மூன்றும் ஒளியைக் குறிப்பவை. லாகூரில் ஆங்கிலம் கற்பித்த ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் இப்படிப்பட்ட ஒலிக்கூட்டங்களுக்குத் தனிப்பெயரே சூட்டினார். ஆனால் அதே தொடக்கமும் அதே நீளமும் கொண்ட க்ளவ் கையுறை, க்ளேண்ட் சுரப்பி, க்ளோப் உருண்டை. ஒளி எங்கே? தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. கடல், மடல், உடல் எதுகையில் கைகோக்கும். அதற்காக அவற்றை உடன்பிறப்புகள் என்று யாரும் சொல்வதில்லை.

உட்ராஃபுக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன், இதே நகரத்தில் இன்னொரு நீதிபதி சொற்களின் உறவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் சர் வில்லியம் ஜோன்ஸ், தாம் நிறுவிய ஆசியக் கழகத்தில் 1786 பிப்ரவரி 2 அன்று ஆற்றிய உரையில் சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அவர் காட்டிய சான்று எழுத்து ஒற்றுமையல்ல. வினைவேர்களும் இலக்கண வடிவங்களும். ஒலியை மட்டும் வைத்து உறவு சொல்வதை அவர் நம்பவில்லை. நாளைக் குறிக்கும் லத்தீன் ‘டீயெஸ்’, அதிலிருந்து பிறந்த ‘டியுர்னும்’ என்ற லத்தீன் வடிவத்தின் வழியாகப் பிரெஞ்சின் ‘ழூர்’ ஆனது. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் ஒரே குடும்பம். ஆங்கில ‘டே’ முதலெழுத்திலும் பொருளிலும் டீயெஸோடு ஒத்துப்போகிறது. ஆனால் உறவே இல்லை.

இரு நீதிபதிகளும் மோதிக்கொள்ளவில்லை. விசாரித்த வழக்குகள் வேறு. ஜோன்ஸ் விசாரித்தது சொற்களின் பிறப்பை. உட்ராஃப் விசாரித்தது வழிபடுபவன் மனத்தில் எழுத்து செய்யும் வேலையை. பீஜத்தின் பொருளை அகராதியில் தேடக் கூடாது என்பதில் உட்ராஃப் தெளிவாகவே இருந்தார். இந்த இரண்டையும் கலப்பதில்தான் குழப்பம். மந்திரத்தின் மதிப்பை மொழி வரலாறு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மந்திர விளக்கமும் மொழி வரலாற்றுக்குச் சான்றாகாது.

அதனால், இரண்டு சொற்களில் இரண்டு எழுத்து ஒத்துப்போவதைக் காட்டி உலக மொழிகளுக்கெல்லாம் தாய் எது என்று மேடையில் யாராவது முடிவு கட்டினால், கைதட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: நடுவில் நின்ற சொற்கள் எவை, எந்த நூலில், எந்த நூற்றாண்டில்?