அட்டையில் நிற்கும் குதிரை

அட்டாரி 2600 கருவிக்காக 1980-இல் வெளிவந்த 'அட்வென்சர்' விளையாட்டின் பெட்டியில் கோட்டையும் டிராகனுமாக ஒரு முழு மாய உலகமே தீட்டப்பட்டிருந்தது. வாங்கி வந்த பையன் கார்ட்ரிட்ஜைச் செருகி டிவியைப் போட்டால் திரையில் வந்து நிற்பது வேறு. வீரன் வெறும் ஒரு சதுரம். கை கிடையாது, கால் கிடையாது, வாள்கூடச் சற்றுத் தள்ளி ஒட்டிக்கொண்டு வரும் ஒரு அம்புக்குறி. டிராகனைப் பார்த்தவர்கள் வாத்து என்றார்கள். இன்றுவரை அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதை எழுதிய வாரன் ராபினெட்டைக் குறை சொல்ல வழியில்லை. அந்தக் கருவியின் நினைவகம் 128 பைட். விளையாட்டு மொத்தமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் நான்கு பத்திகளைக் கணினியில் சேமித்தாலே அதைவிட அதிக இடம் பிடிக்கும். ஓவியருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. கிளிஃப் ஸ்போன் போன்றவர்கள் அட்டாரிக்கு வரைந்த அட்டைகள், அந்தக் காலத்துச் சினிமா போஸ்டர்களுக்குச் சளைத்தவை அல்ல.

பையன் ஏமாற்றப்பட்டானா? நுகர்வோர் நீதிமன்றத்துக் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதற்கு அடியில் இன்னொரு பழைய கேள்வி கிடக்கிறது: படம் பொய் சொல்லுமா? பொய் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். 'உள்ளே இருப்பது இப்படித்தான் இருக்கும்' என்று அந்தப் பெட்டியின் ஓவியம் எங்கும் வாய் திறக்கவில்லை. வாக்கியமே இல்லாத இடத்தில் மெய்யேது, பொய்யேது?

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் சங்குகர் என்ற அறிஞர் இதைக் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் எதிர்கொண்டார். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு அவர் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த அபிநவகுப்தர் அவரை மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதால்தான் அவர் கருத்து பிழைத்திருக்கிறது. மறுத்தவர் புண்ணியத்தில் வாழ்பவர்கள் தத்துவ வரலாற்றில் நிறையப் பேர். மேடையில் நிற்கும் நடிகனை 'இவன் இராமன்' என்று பார்வையாளன் அறிகிறானே, அது என்ன வகை அறிவு என்பது சங்குகரின் சிக்கல். விடையாக ஓவியத்துக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'சித்திரத் துரக நியாயம்' என்று அதற்குப் பெயர். சுவரில் தீட்டிய குதிரையைப் பார்த்ததும் குழந்தை 'குதிரை!' என்கிறது. அது மெய்யறிவு அல்ல, அங்கே குதிரை இல்லை. பொய்யறிவும் அல்ல, பிறகு யாரும் 'அடடா, தப்பாக நினைத்துவிட்டேனே' என்று திருத்திக்கொள்வதில்லை. குதிரையா கழுதையா என்ற ஐயமும் அல்ல. 'குதிரை மாதிரி ஏதோ ஒன்று' என்ற ஒப்புமைகூட அல்ல. இந்த நான்கிலும் சேராத தனி வகை அறிவு அது என்றார்.

அட்டாரிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் சங்குகர் சொன்னது கச்சிதமாகப் பொருந்துகிறது. திரையில் நகரும் சதுரத்தை வீரனாகவும் வாத்தை டிராகனாகவும் காண்பதற்கு அந்த ஓவியம்தான் கண்ணைப் பழக்கியது. விளையாட்டில் பாதி கார்ட்ரிட்ஜில் இருந்தது, மீதிப் பாதி அட்டையில்.

நன்னூலில் பவணந்தி முனிவர், நூலுக்கு முகப்பாக நிற்கும் பாயிரம் எப்படி என்றால் மாடத்துக்குச் சித்திரமும் மாநகருக்குக் கோபுரமும் போல என்கிறார். கோபுரம் நல்ல உவமை. கோவில் கோபுரத்தில் அடுக்கடுக்காகச் சுதை உருவங்கள், வண்ணங்கள். உள்ளே போனால் இருட்டு, எண்ணெய் வாசம், ஒற்றை விளக்கு. வெளியே கண்டது உள்ளே இல்லையே என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் சங்குகரின் குதிரை விற்பனைக்கு இல்லை. சிக்கல் அங்கேதான். சுவரில் இருக்கும்வரை அது நான்கு வகைக்கும் அப்பாற்பட்டது. அதே ஓவியத்தை லாயத்துக் கதவில் மாட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தால், உள்ளே நிற்பது என்ன என்று கேட்கும் உரிமை வந்தவனுக்கு வந்துவிடுகிறது.

கேட்டால் எதைக் கேட்பது? உருவ ஒற்றுமையையா? 2001-இல் வந்த 'ஈகோ' விளையாட்டு அப்படி எளிதாக விடுவதில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற பதிப்பின் அட்டையை அதன் இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா தானே வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிக்கோவின் சாயலில், வெயிலில் வெளுத்த வெளி, நீண்டு விழும் நிழல்கள், வளைவு வளைவாகக் கட்டடங்கள், கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் இரண்டு சின்ன உருவங்கள். விளையாட்டின் திரைக்காட்சி எதுவும் இப்படி இராது. வட அமெரிக்கப் பெட்டியிலோ கொம்பு முளைத்த சிறுவனின் முகம் பெரிதாக, கணினியில் செய்த உருவமாக, முன்னால் நிற்கும். 'உள்ளதை உள்ளபடி' காட்டுவது அளவுகோல் என்றால் அமெரிக்க அட்டைதான் நேர்மையானது. ஆனால் விளையாடி முடித்தவரிடம் இரண்டையும் நீட்டினால் கை முதலாவதற்குத்தான் போகும். பெரிய வெறுமைக்கு நடுவே பற்றிய கையை விடாமல் ஓடுவது, அதுதான் அந்த விளையாட்டு. அதை உவேடாவின் ஓவியம் காட்டிவிட்டது. அமெரிக்க அட்டை முகத்தைத்தான் பெரிதாகக் காட்டியது.

வெறும் திறமைக் குறைவைப் பொய்யோடு சேர்க்கக்கூடாது. 1987-இல் அமெரிக்காவில் விற்ற 'மெகா மேன்' அட்டையில், கையே பீரங்கியாக இருக்கவேண்டிய குட்டி ரோபோ, துப்பாக்கி பிடித்த நடுவயது ஆளாக உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. 2012-இல் அந்த ஆளையே தொப்பையோடு ஒரு சண்டை விளையாட்டில் பாத்திரமாக்கி, அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டது. 'ஃபேலங்ஸ்' இன்னொரு ரகம். விண்வெளிச் சண்டை விளையாட்டு. அமெரிக்க அட்டையிலோ தாடிக்காரத் தாத்தா ஒருவர் பாஞ்சோ வாசிக்கிறார், விண்கலம் பின்னால் எங்கோ பறக்கிறது. கண்ணை இழுக்கும், சந்தேகமில்லை. கவர்ச்சி வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

'பயோஷாக் இன்ஃபினிட்' அட்டை 2012 கடைசியில் வெளியானபோது ரசிகர்கள் கொதித்தார்கள். மேகத்தில் மிதக்கும் நகரம், வரலாறு, மதவெறி என்று விரியும் விளையாட்டுக்குத் துப்பாக்கியோடு ஒரு ஆள் மட்டுமா? இயக்குநர் கென் லெவின் ஒளிக்காமல் பதில் சொன்னார்: ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை, பெயரே கேள்விப்படாதவன் கடையில் நின்று எடுக்கவேண்டும், அவனுக்காகத்தான் இது. பிறகு அட்டையின் மறுபக்கத்துக்கு ரசிகர்களை வாக்களிக்க வைத்தார்கள். வேண்டியவர் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஒரே பொருளுக்கு இரண்டு முகம். அறிந்தவனுக்கு ஒன்று, அறியாதவனுக்கு ஒன்று. கேட்பவனின் பக்குவம் பார்த்துச் சொல்வது குருமார் வழக்கம்தான். ஆனால் பக்குவம் இல்லாதவனிடம் உண்மையின் படிக்கட்டைக் காட்டுவது ஒன்று, அவனுக்குப் பிடித்ததைக் காட்டிக் காசு வாங்குவது இன்னொன்று. லெவின் இதில் எந்தப் பக்கம் என்பதில் இன்னும் சண்டை போடலாம்.

எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிந்த வழக்கும் உண்டு. பிளேரிக்ஸ் நிறுவனத்தின் கைப்பேசி விளையாட்டுகளுக்கான விளம்பரங்கள், ஊசியை உருவிப் புதிர் விடுவிக்கும் விளையாட்டைக் காட்டின. இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருள்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் வேலைதான். காட்டும் படங்கள் எல்லாம் விளையாட்டில் உள்ளவை அல்ல என்று விளம்பரத்திலேயே ஒரு வரி போட்டிருந்தார்கள். அதாவது, இது சித்திரக் குதிரைதான் என்ற சங்குகர் வாதம். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020-இல் அதை ஏற்காமல் தடை விதித்தது. சரியான தீர்ப்பு. 'அட்வென்சர்' ஓவியம் விளையாட்டையே பெரிதாக்கிக் காட்டியது. இங்கே காட்டியது வேறொரு விளையாட்டை.

இன்று பெரும்பாலும் பெட்டியே இல்லை, கடை அலமாரி திரைக்குள் போய்விட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம், 2022 செப்டம்பர் முதல் அட்டைப்படத்தில் விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி அறிவிப்பு எதுவும் கூடாது என்றது. விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு, அவ்வளவுதான். வாக்கியங்களை எல்லாம் துரத்திவிட்டுப் படத்தை மட்டும் மிச்சம் வைத்த விதி.

மிச்சம் வைத்த படத்துக்கும் இடம் கொஞ்சம்தான். அங்கே பல ஆண்டுகளாகப் புழங்கிய சின்ன அட்டையின் அளவு 231-க்கு 87 பிக்சல். வடிவமைப்பாளர் செந்நிறப் போர்க்களத்தின்மேல் மெல்லிய சாய்வெழுத்தில் பெயரை அழகாக எழுதியிருப்பார். பெரிய திரையில் பிரமாதமாக இருக்கும். அதைத் தபால்தலை அளவுக்குக் குறுக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். எழுத்தும் புகையும் ஒரே சாம்பலாகக் கலந்துபோகின்றன. முதலில் பின்னணிப் படையை அழிக்கிறார். பிறகு வீரனின் கால்கள் போகின்றன, பிறகு குதிரை. எழுத்தைத் தடிமனாக்கி விளிம்பு முட்ட இழுக்கிறார். அந்த அளவில் லோகோ கட்டத்தை ஏறக்குறைய நிரப்பவேண்டும் என்றே ஸ்டீமும் சொல்கிறது. மறுபடி நாற்காலியைத் தள்ளிப் பார்க்கிறார். இப்போது பெயர் தெரிகிறது. அதன் ஓரத்தில் வெள்ளையாக எதுவோ ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. குதிரையின் பிடரிதான். அதை அழிப்பதா விடுவதா என்று அவர் கை மவுஸின்மேல் நிற்கிறது.