கடைசிக் கேள்வி

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் ஒரு ஒர்க்‌ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். புயலில் சிக்கிக் கடலில் காணாமல்போன 'ஆண்ட்ரியா கெய்ல்' என்ற மீன்பிடிப் படகைப் பற்றித் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. வகுப்பறையில் அங்கங்கே ஒட்டிவைத்த வரைபடம், செய்தி நகல்களில் பிள்ளைகள் ஓடி ஓடி விடை தேட வேண்டும்.

விடைகள் சுலபமாகவே கிடைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து 1991 செப்டம்பர் 20 அன்று கிளம்பிய படகு. வாள்மீன் பிடிக்கப் போனவர்கள் ஆறு பேர், கேப்டன் பில்லி டைன். கடைசியாக ரேடியோவில் பேசியது அக்டோபர் 28 மாலை. கடைசிக் கேள்வி: படகு எப்படி மூழ்கியது? 'ராட்சத அலை கவிழ்த்துவிட்டது' என்று அநேகமாக எல்லோரும் எழுதினார்களாம். எல்லோருக்கும் மார்க்.

எனக்கு அந்த மார்க்தான் உறுத்துகிறது. அந்த அலை, இந்தப் படகைப் பற்றி 2000இல் வந்த 'தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' படத்தின் போஸ்டரில் இருக்கும் அலை. நிஜத்தில் பார்த்தவர் எவரும் இல்லை. ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. கனடாவின் சேபிள் தீவில் சில எண்ணெய் பீப்பாய்களும், ஆபத்துக் காலத்தில் சிக்னல் அனுப்பும் கருவியும் ஒதுங்கின. தண்ணீர் பட்டாலே தானாக வேலை செய்ய வேண்டிய கருவி அது. எடுத்துப் பார்த்தபோது ஸ்விட்ச் அணைந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. யாராவது அணைத்தார்களா, முதலிலிருந்தே போடவில்லையா? படகைப் பற்றிய அத்தனை தகவல்களிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஸ்விட்ச்தான். ஒர்க்‌ஷீட்டில் அது இல்லை.

துக்க வீட்டில் 'கடைசியா என்ன சொன்னார்?' என்று கேட்காதவர் உண்டா? யாரும் பக்கத்தில் இல்லாமல் போனவர் என்றால் கேட்பவருக்கே பொறுக்காது. தூக்கத்திலேயே போயிருப்பார், வலி தெரிந்திருக்காது என்று தாமே சொல்லிக்கொள்வார். ஆறுதலுக்குச் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். அதையே நடந்ததாகப் பதிவு செய்வது வேறு.

1997இல் இந்தப் படகைப் பற்றிப் புத்தகம் எழுதிய செபாஸ்டியன் யங்கர், செத்தவர்கள் வாயில் தானாக வசனம் வைக்கவில்லை. அதேபோன்ற புயலில் தப்பிப் பிழைத்தவர்களைக் கேட்டு, இப்படி இருந்திருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். சினிமா நிறுத்தவில்லை. டைனின் மகள்கள் உள்ளிட்ட குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2005இல் புளோரிடா உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு படக் கம்பெனிக்கே சாதகமானது. கதை சொல்லும் உரிமை பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அப்பாவின் கடைசி நாட்களை ஒரு நடிகர் நடித்துக் காட்டியதைப் பார்த்த பெண்கள் பக்கம்தான் என் மனசு சாய்கிறது.

அந்த டீச்சர் கடைசிக் கேள்வியை எடுத்துவிட வேண்டாம். 'இது யாருக்குத் தெரிந்திருக்கும்?' என்று மாற்றினால் போதும். பிள்ளைகள் கடலோரக் காவல்படையிடம் போவார்கள், வானிலை அலுவலகத்துக்குப் போவார்கள், டைனுடன் கடைசியாக ரேடியோவில் பேசிய இன்னொரு படகின் கேப்டன் லிண்டா கிரீன்லாவிடம் போவார்கள். ஸ்விட்ச் விஷயமும் வழியில் அகப்படும். அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க் போடலாம்.