இல்லாத ஊரின் ரயில் நிலையம்

கதையில் வரும் ஒருவனுடைய துயரத்தைக் கண்டு நாம் கலங்குகிறோம். அவன் பிறந்தவனும் அல்லன், துன்புற்றவனும் அல்லன் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் நெஞ்சு உருகுவது பொய்யில்லை. இந்த உருக்கத்திற்கு வாழ்க்கையில் மதிப்பு உண்டா, அல்லது செலவின்றிக் கிடைக்கும் ஒரு சுகம்தானா என்பது பழைய வினா. புத்தக அறையில் எழ வேண்டிய இவ்வினா எனக்கு ஒரு ரயில் நிலையத்தில் எழுந்தது.

1930-ஆம் ஆண்டு விஜயதசமியன்று பெங்களூரில் ஆர்.கே. நாராயண் எழுத அமர்ந்தபோது, அவர் மனத்தில் தோன்றியது ஒரு சிறிய ரயில் நிலையம். அதன் பெயர் மால்குடி. அதைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த அத்தமிழர் ஆங்கிலத்தில் படைத்த அவ்வூர் எந்த வரைபடத்திலும் இல்லை. 1980-களின் பிற்பாதியில் சங்கர் நாக் அதனைத் தூர்தர்ஷன் தொடராக எடுத்தார். மழைக்குப் பெயர்பெற்ற ஆகும்பே அவருக்கு மால்குடி ஆயிற்று. சிவமொக்கா-தாளகுப்பா பாதையிலுள்ள அரசாளு அதன் நிலையம் ஆயிற்று. மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாறிய பின் பாழடைந்து கிடந்த அரசாளுவின் பழைய கட்டடத்தை ரயில்வே புதுப்பித்து, 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக்கியது. மனத்தில் தோன்றிய நிலையம் மண்ணில் நிலைபெறத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

நெடுநாள் நண்பர் ஒருவருடன் அதைக் காணச் சென்றேன். காலையில் அரசாளு, மாலைக்குள் ஆகும்பே என்பது எங்கள் திட்டம். அந்தத் தொடர் வந்த காலத்தில் நாங்கள் இருவருமே அதை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. நிலையத்தில் தொடரை நினைவூட்டும் படங்களும் சிற்பங்களும் இருந்தன. பழைய ரயில் பெட்டி ஒன்றைத் தேநீர்க்கடையாக்கியிருந்தார்கள். எல். வைத்தியநாதன் அமைத்த அந்த முகப்பு இசையை யாரோ ஒருவர் முணுமுணுக்க, முன்பின் அறியாத மற்றொருவர் தொடர்ந்தார். புதிய நடைமேடையிலோ மூட்டை முடிச்சுகளுடன் உண்மைப் பயணிகள் சிலர் உண்மை வண்டிக்காகக் காத்திருந்தனர். அவர்களை எவரும் படமெடுக்கவில்லை.

'சுவாமியும் நண்பர்களும்' நாவல் முடிவதும் ஒரு நிலையத்தில்தான். கிரிக்கெட் பந்தயத்திற்கு வருவதாக வாக்களித்த சுவாமிநாதன் வாராது போகிறான்; அணி தோற்கிறது; ராஜம் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். தந்தையின் பணிமாற்றத்தால் ராஜம் ஊரைவிட்டுப் போகும் நாளில், சுவாமி ஒரு கதைப் புத்தகத்துடன் நிலையத்திற்கு ஓடுகிறான். வண்டி நகர்கிறது. ராஜம் மன்னித்தானா என்பதை நாராயண் சொல்லவில்லை. எத்தனையோ வாசகர்களைப் போல நானும் இதைப் பற்றிப் பலமுறை யோசித்ததுண்டு. அன்று தேநீர் அருந்தும்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

நண்பர் வெகுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு சொன்னார்: "சுவாமிக்கு வண்டி போய்விட்டது சார். என் ராஜம் ஹூப்ளியில்தான் இருக்கிறான்."

பதினேழு ஆண்டுகளுக்கு முன் உடன் பணியாற்றிய ஒருவருடைய தங்கையின் திருமணத்திற்கு இவர் பணம் தருவதாக வாக்களித்திருந்தார். உரிய நாளில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இல்லாமை காரணமன்று, 'பார்த்துக்கொள்ளலாம்' என்னும் அசட்டை. அவர்கள் நகையை அடகு வைத்துத் திருமணத்தை நடத்தினார்கள். அதன்பின் பேச்சில்லை. இவ்வளவு காலம் பழகிய என்னிடம் கூட அவர் இதைச் சொன்னதில்லை.

நம் நாட்டுக் காவிய இயல் இவ்விடத்தில் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. நாடகத்தில் காணும் சோகம் இன்னாருடையது என்னும் எல்லையை இழந்து எல்லோர்க்கும் பொதுவாகிவிடுகிறது. 'எனது' என்னும் முள் அதில் இல்லை. ஆகவேதான் சோகமும் சுவையாகிறது என்பது அதன் கருத்து. இதனை 'சாதாரணீகரணம்' என்பர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், காண்போன் தன் சொந்த இன்ப துன்பங்களில் மூழ்கிவிடுவதைச் சுவைக்கு நேரும் இடையூறுகளுள் ஒன்றாகவே எண்ணுகிறார். அந்த அளவுகோலின்படி அன்று நன்றாகச் சுவைத்தவன் நான். என் நண்பருக்குச் சுவை கெட்டுவிட்டது.

கலையைப் பொறுத்தவரை ஆசாரியர் கூறுவது முற்றிலும் சரி. அரங்கில் அமர்ந்து தன் கடன்களை எண்ணிக்கொண்டிருப்பவன் எதையும் காண மாட்டான். ஆனால் 'எனது' கழன்றுபோன உணர்ச்சி தூயது மட்டுமா? அதனால் எவருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? ராஜத்திற்காக நான் பல ஆண்டுகள் இரங்கியதில் ராஜத்திற்கும் பயனில்லை, வேறு எவருக்கும் பயனில்லை. நண்பருக்குச் சுவை கெட்ட அந்த நொடியில்தான் கதை கதையாக இருப்பதைவிட்டு அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது. இது பொய் ஊர் செய்த வேலையா, அவருடைய மனச்சாட்சி செய்த வேலையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மனச்சாட்சி மட்டும் போதுமாயிருந்தால் அது பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லையே!

ஆகும்பேக்கு நாங்கள் போகவில்லை. சில வாரங்கள் கழித்து அவர் ஹூப்ளிக்குச் சென்று வந்தார். உற்சாகமான வரவேற்பு எதுவும் இல்லையாம். காபி கொடுத்தார்களாம், பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லையாம். தைப் பொங்கலுக்குப் பின் மறுபடியும் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.