முப்பதால் பெருக்குகிறோம்

எம்மவர் இங்கு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கையில் கூடை இருக்கிறதோ இல்லையோ, மனதில் ஒரு பெருக்கல் வாய்ப்பாடு இருக்கும். 1980களின் இறுதியில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்ற எமது மூத்தவர்கள் ஐந்தால் பெருக்கினார்கள். 2025இல் நாம் முப்பதால் பெருக்குகிறோம். ஒரு கோப்பி 50 குரோனர் என்றால் 1,500 ரூபா. "ஊரிலை இந்தக் காசுக்கு ஒரு குடும்பமே மத்தியானம் சாப்பிடும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடிக்காமல் வருவோம். அல்லது குடித்துவிட்டுச் சொல்வோம்.

கணக்காளர் தொழில் பார்க்கும் எமக்கு இந்தப் பெருக்கல் பிழையென்று தெரியும். நாணய மாற்று வீதம் இரண்டு நாட்டு வாழ்க்கைச் செலவையும் நிறுக்கும் தராசு அல்ல. சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் கசெல் 1918இல் கொள்வனவுச் சக்திச் சமநிலை என்ற பெயரை வைத்ததிலிருந்து இதைப் படித்து வருகிறார்கள். லண்டன் எக்கொனமிஸ்ற் சஞ்சிகை 1986 முதல் மக்டொனால்ட்ஸ் பேர்கரின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு வருகிறது. (ஆலய மலரில் மாட்டிறைச்சியை உதாரணம் காட்டுவதைப் பொறுத்தருள வேண்டும். உதாரணம் எமதல்ல.) பாணும் இறைச்சியும் ஒரே அளவுதான், ஆனால் விலை நாட்டுக்கு நாடு வேறு.

ஏன் வேறு? தலைமயிர் வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சந்தியிலும் ஒஸ்லோவிலும் அதே கத்தரிக்கோல், அதே இருபது நிமிடம். ஒஸ்லோவில் கொடுக்கும் விலைக்குள் 25 வீதப் பெறுமதி சேர் வரி இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது, வெட்டுகிறவரின் ஓய்வூதியமும் விடுமுறைப் பணமும் இருக்கின்றன. அவர் பிள்ளையும் எமது பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கான செலவும் அதற்குள்தான். ஊரிலோ பாவித்த சிறு கார் ஒன்றின் விலையைக் கேட்டால் ஒஸ்லோக்காரருக்கும் தலை சுற்றும், ஆனால் மனிதருடைய கை மலிவு. விடுமுறைக்குப் போய் "அங்கை எல்லாம் சும்மா விலை" என்று வந்து சொல்கிறோமே, அந்தச் சும்மா என்பது யாரோ ஒருவருடைய சம்பளம்.

இதுவரை எழுதியது பாடப்புத்தகம். இனி எழுதப்போவது எமது வீட்டுக் கணக்கு.

எமது துணைவியார் ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். இந்த ஆலயத்துக்கு வரும் பெண்களில் பலர் செய்யும் வேலைதான். நோர்வேஜிய மூதாட்டிகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பார். அந்த மூதாட்டி தன் வருமானத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கொம்யூனுக்குக் கட்டுகிறார். அப்படியும் ஒருவரைப் பராமரிக்க வருடம் பத்து லட்சம் குரோனருக்கு மேல் செல்வதால் மிச்சத்தை ஊர் கூடி வரியாகக் கட்டுகிறது. அதே நேரத்தில் கொக்குவிலில் எமது தாயாரை இன்னொரு பெண் குளிப்பாட்டி, உணவூட்டி, திருப்பிப் படுக்க வைக்கிறார். 2021இலிருந்து எம்முடைய வீட்டிலேயே தங்கியிருக்கிறார். கணவனை இழந்தவர். அவருக்கு 40,000 ரூபா என்று பேசியிருந்தோம். ஊர் வழக்கத்தை விடக் கூட என்று எல்லோரும் சொன்னார்கள், எமக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். மே மாதம் அது 360 ஆயிற்று. எமது கணக்கில் 40,000 ரூபா அனுப்ப 1,750 குரோனர் அளவில் தேவைப்பட்டது, 1,100 குரோனராகக் குறைந்தது. நாம் 1,100 அனுப்பினோம். பேசிய சம்பளம் ரூபாவில்தானே, அதில் ஒரு சதமும் குறைக்கவில்லை என்று நினைத்தோம். மிஞ்சிய 650 குரோனர் எங்கே போயிற்று என்று கேட்டால், ஒஸ்லோவின் பாதிச் சனத்தைப்போல நாமும் ஸ்வீனெசுண்ட் பாலம் தாண்டிச் சுவீடனுக்குப் போய் மலிவு விலையில் சாமான் வாங்கி வந்தோம்.

அந்த வருடம் செப்ரெம்பரில் இலங்கையில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தை விடத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நாம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள். விலை ஏறினால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் ஆறு மாதம் அதே 40,000 போய்க்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தது கணக்காளர் அல்ல. வங்கிப் பத்திரத்தைப் பார்த்த துணைவியார், "எங்கட சம்பளத்தை இப்பிடிச் செய்தால் யூனியன் விடுமோ?" என்று மட்டும் கேட்டார்.

பழைய குரோனர் தொகைக்கே திரும்பினோம். ரூபாவில் அது அறுபதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு 2023இல் ஊருக்குப் போனால், அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழியில் மறித்தார். எமக்குக் கணிதம் படிப்பித்தவர். மனைவி பாரிசவாதத்தில் படுக்கை, பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லை. "தம்பி, நீங்கள் அங்கையிருந்து அறுபது குடுத்தால் நான் பென்சனிலை ஆரைப் பிடிக்கிறது? எங்கட வீட்டுக்கு வந்து நிண்ட பிள்ளையும் இப்ப வெளிநாட்டுக்காரற்றை வீட்டிலை."

இதற்கு எம்மிடம் விடையில்லை, இன்றுவரையும் இல்லை. குறைத்துக் கொடுத்தால் எமது தாயைத் தூக்குகிறவரின் வறுமையில் நாம் மிச்சம் பிடிக்கிறோம். கூட்டிக் கொடுத்தால் அவருக்குக் கொடுக்கும் காசு ஆசிரியரின் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கழற்றுகிறது. காணி விலையிலும் இதே கதைதான் நடந்தது, ஆனால் காணிக்கு முதுகு நோவதில்லை. எனவே எமக்குத் தெரிந்த அளவில் ஒரு பக்கம் சாய்ந்தோம். மலிவைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தப் பெண்ணின் தலையில் வைக்க எமக்கு மனம் வரவில்லை. ஆசிரியருக்கு ஆள் கிடைக்காதது அவருடைய பென்சனின் குறை, அதை அவளுடைய சம்பளத்தில் வெட்டித் தீர்க்க முடியாது என்றே நினைக்கிறோம். ஆசிரியரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருப்போமா என்பது வேறு விடயம்.

மாற்று வீதமே இல்லாத சிலவும் உண்டு. நித்திரை அதில் ஒன்று. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் 24 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இரண்டு வருடமாக அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்ததில்லை, எமக்கும் அது தோன்றவில்லை. இப்போது ஞாயிறுகளில் வேறொருவர் வருகிறார். அவ போடுகிற தேத்தண்ணி வாய்க்கு வைக்கேலாது என்று அம்மா ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் முறையிடுகிறார்.

அந்தப் பயணத்தின் கடைசி நாள், குசினித் திண்ணையில் துணைவியாரும் அவருமாக இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே தொழில்காரர், எம்மைவிட அவர்களுக்குள் கதை கூட. இடுப்பு நோவுக்கு என்ன செய்வது, ஆளைத் தூக்கும்போது காலை எப்படி வைப்பது என்றெல்லாம் போய், அவர் கேட்டார்: "பிள்ளை, அங்கை இந்த வேலைக்கு எவ்வளவு குடுக்கிறவை?"

துணைவியார் பொய் சொல்லவில்லை. மணித்தியாலத்துக்கு 220 குரோனர் என்றார். ரூபாவில் சொல்லவில்லை. ஆனால் அவர் மாதாமாதம் வங்கிக்குப் போய் வருகிறவர், பெருக்கத் தெரிந்தவர். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

நாம் அவசரமாக உள்ளே நுழைந்தோம். "அங்கை சரியான விலை. ஒரு கோப்பி ஆயிரத்தைந்நூறு ரூபா. தலைமயிர் வெட்டப் பதினையாயிரம். வீட்டு வாடகையைக் கேட்டால் நம்பமாட்டியள்" என்று அடுக்கிக்கொண்டு போனோம். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

"ஓம், அங்கையும் கஸ்ரம்தான்" என்றார் அவர். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.